ஆடே, முதலில் முள்ளங்கி நடு

கேமரன் மலையில் இன்னும் மிச்சமிருக்கும் மலையாடுகளின் நன்மைக்காக இதை எழுதுகிறேன். மலாய்க்காரர்கள் காம்பிங் குருன் என்று சொல்லும் அந்தக் கறுத்த பிராணி செங்குத்துச் சரிவில் நின்று பழகியது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. ஆடே, அந்தப் பட்டியலை நம்பி இனியும் காட்டுக்குள் உட்கார்ந்திருக்காதே. தானா ராத்தாவுக்கு இறங்கி வா. நில அலுவலகத்தில் டி.ஓ.எல். என்னும் தற்காலிக நில அனுபவ லைசென்ஸுக்கு ஒரு மனு போடு. இரண்டு ஏக்கர் போதும். பதில் வரட்டும் என்று காத்திருக்காதே. இந்த ஊரில் எல்லோரும் அப்படிக் காத்திருப்பதில்லை. நேரே மேலே போய் மரங்களைச் சாய்த்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி, பிளாஸ்டிக் கூரை போட்டு முள்ளங்கி நடு. அதன் பிறகு நீ விவசாயி. உன்னை எழுப்ப நோட்டீஸ் வர வேண்டும், நோட்டீஸுக்கு நீ பதில் போட வேண்டும், நடுவில் தேர்தல் வந்தால் நோட்டீஸ் தூங்கப் போய்விடும். கொம்பு முளைத்தவர்களுக்குத்தான் இந்த நாட்டில் மரியாதை என்பார்கள். பிறக்கும்போதே கொம்போடு பிறந்த உனக்கு மட்டும் அது வாய்க்கவில்லை.

சந்தேகமிருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை கியா பார்முக்குப் போய்ப் பார்க்கலாம். பிரிஞ்சாங்கிலிருந்து ஏறும் சாலையில் கோலாலம்பூர்க் கார்களும் சிங்கப்பூர்க் கார்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சந்தையில் வேகவைத்த சோளம், ஊதா நிறச் சர்க்கரைவள்ளி, சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரி, ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை, ஸ்ட்ராபெரி ஒட்டிய தலைப்பட்டை. நம் பிள்ளைகளும் அதை மாட்டிக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். பின்னால் தெரிவது மலை என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். உற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக். சரிவு முழுக்க, படிப்படியாக, அடுத்த மேடு வரைக்கும் வெள்ளைக் கூரை. செவ்வந்தி நெடுநெடுவென்று வளர்ந்த பிறகு பூக்கட்டும் என்று இரவிலும் உள்ளே விளக்கு எரிகிறது. பக்கத்துக் காட்டில் ஒண்டியிருக்கும் ராப்பிராணிகளுக்கு இருட்டும் கிடையாது. மழை பெய்தால் கூரையில் விழுந்த தண்ணீருக்கு மண்ணில் இறங்க வழியில்லை. அத்தனையும் வாய்க்காலுக்கு ஓடி, கொஞ்ச நேரத்தில் தெலோம் ஆறு தே தாரிக் நிறத்துக்கு வந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. கேமரன் மலை மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 71,000 ஹெக்டேர். 1960களின் தொடக்கத்தில் இங்கே அறிவித்த வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 65,000 ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், பத்தில் ஒன்பது பங்கு சரணாலயம். காகிதப்படி இது மிருகங்களின் ஊர். மனிதர்கள் ஓர் ஓரமாக ஒட்டுக்குடித்தனம் இருக்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று விலங்குகளும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அறுபது வருடத்தில் மாடும் போய்விட்டது, கயிறு மட்டும் அரசிதழில் இருக்கிறது.

1967 மார்ச் 26 அன்று தாய்லாந்தின் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இந்த மலையில் உலாவப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள், குறி சொல்கிறவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். இன்றைக்கும் அதைப் பற்றிப் புத்தகம் வருகிறது. ஒரு மனிதர் காணாமல் போனதற்கு இத்தனை அமர்க்களம். அந்த மாதிரிக் காடு ஏக்கர் ஏக்கராகக் காணாமல் போனபோது, பட்டப்பகலில், மஞ்சள் நிற இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டே அதைத் தூக்கிப் போனபோது, தேட ஒரு ஆள் கிளம்பவில்லை.

சட்டம் மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குக் குற்றங்களுக்கு அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகும், சிறை 15 ஆண்டு வரை. குட்டியைக் கொன்றால் தனிப் பிரிவு, பெண் விலங்கைக் கொன்றால் தனிப் பிரிவு. இவ்வளவு தாயுள்ளம் படைத்த சட்டத்தின் கீழ் வாழும் மலாயாப் புலி, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, காட்டில் 150க்கும் குறைவு. ஆபத்தே இல்லாமல் இருப்பவை இரண்டு. தேசியச் சின்னத்தில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. புலியின் மேல் கை வைத்தால் பத்து லட்சம் என்றால், புலியின் காலடியில் இருக்கும் மலையை வழித்து எடுத்தால் எவ்வளவு? அது வேறு சட்டம், வேறு இலாகா, வேறு கவுண்டர். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் காட்டு விலங்குகளும் பறவைகளும் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. நிலமும் காடும் மாநிலத்தின் பட்டியலில். அதாவது புலி இருவருக்கும் பொது, புலி நிற்கும் மண் பகாங் மாநிலத்துக்குச் சொந்தம். தரையில் கால் பாவாமல் நடக்கப் புலி கற்றுக்கொண்டால் சட்டச் சிக்கலே இராது.

நம்மவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்வோமே, அந்தச் சோதனையும் நடந்தது. 2013 மே மாதம் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சராகப் பதவியேற்றவர் ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல். அவருடைய நாடாளுமன்றத் தொகுதி கேமரன் மலை. சுற்றுச்சூழல் அமைச்சரும் அவரே, சூழல் கெட்டுக் கிடந்த தொகுதியின் உறுப்பினரும் அவரே. இதைவிட நல்ல ஜாதகப் பொருத்தம் யாருக்கு அமையும்? நாமும் மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். அதே ஆண்டு அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்குள் சேறு புகுந்தது. உயிர்கள் போயின. 1963இல் கட்டி முடித்த அணை அது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மேலே வெட்டிய மலையின் மண் வந்து உட்கார்ந்திருந்தது. மறுவருடம் நவம்பரில் மறுபடியும் சேறு, மறுபடியும் சாவு.

அமைச்சு புத்ராஜெயாவில், நில அதிகாரம் குவாந்தானில், சேறு பெர்த்தாமில். மேலே இருப்பவர் மாநிலத்தைக் காட்ட, மாநிலம் கள்ளத்தனமாகக் காட்டை அழித்தவர்களைக் காட்ட, அழித்தவர்கள் அனுமதி தராத ஆபீஸைக் காட்ட, கடைசியில் எல்லோரும் சேர்ந்து மழையைக் காட்டினார்கள். மழை நீதிமன்றத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்காது, வசதியான எதிரி.

அனுமதி என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1987ஆம் ஆண்டின் ஆணைப்படி, காட்டை விவசாய நிலமாக மாற்றும் திட்டம் 500 ஹெக்டேரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டியிருந்தது. 499 ஹெக்டேர் என்றால் சுற்றுச்சூழலுக்கு வலிக்காது என்று யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து, 2015இல், அந்த வரம்பை 20 ஹெக்டேருக்கு இறக்கினார்கள். அப்போதும் சிரித்தவர்கள் உண்டு. கேமரன் மலையைத் தின்றவர்கள் யாரும் வாயை அகலத் திறந்து தின்னவில்லை. இங்கே இரண்டு ஏக்கர், அங்கே மூன்று ஏக்கர், அடுத்த வருடம் வேலியைத் தள்ளி இன்னும் அரை ஏக்கர். எந்தத் துண்டும் அறிக்கைக்கு எட்டாது. எல்லாத் துண்டும் சேர்ந்தால் ஒரு பள்ளத்தாக்கு.

1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. மலை நிலம் என்று அரசிதழில் அறிவித்த மண்ணில், நில நிர்வாகியின் பெர்மிட் இல்லாமல் குறுகிய காலப் பயிர் வைக்கக் கூடாது என்கிறது அது. இரண்டு வருடத்துக்குள் நட்டு அறுத்து முடிகிற எதுவும் குறுகிய காலப் பயிர். முட்டைக்கோஸுக்கு மூன்று மாதம் போதும். நான் படித்த சட்டங்களில் இவ்வளவு தெளிவாக எழுதியது குறைவு. தெளிவாக இருந்ததால்தான் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

இனி டி.ஓ.எல். கதைக்கு வருவோம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி இது ஒரு வருட லைசென்ஸ். அந்தந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் முடிந்துவிடும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் லைசென்ஸும் இறந்துவிடும். இப்படி வருடத்துக்கு ஒருமுறை செத்துச் செத்துப் பிழைக்கும் இந்தக் காகிதத்தின் மேல்தான் கேமரன் மலையில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் நடந்து வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் நிரந்தரக் காப்புக் காடு. 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின் 11ஆவது பிரிவைத் திறந்தால், அந்த நிலம் இன்னும் அதிக வருமானம் தரும் வேலைக்குத் தேவை என்று மாநில அரசு கருதினால் அதைக் காப்புக் காட்டிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம். 2022இல் பொது விசாரணை நடத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தம் போட்டது. அந்தத் திருத்தமும் மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் மாநிலத்தில் செல்லும். திருடனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டும்போது அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

ஒரு வருட லைசென்ஸ் விவசாயிக்கும் நல்லது செய்யவில்லை. இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது அநியாயம். அடுத்த ஜனவரியில் இந்த மண் என்னுடையதா என்று தெரியாதவர், பத்து வருடம் நிற்கும் கல் கட்டுப் படியும் ஒழுங்கான வடிகாலும் எதற்குக் கட்டப் போகிறார்? இந்த வருடம் உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சிவிட்டுப் போவார். அவரை நிரந்தரமாக்கவும் மாட்டார்கள், வெளியேற்றவும் மாட்டார்கள். வருடா வருடம் கவுண்டரில் வந்து நிற்கிறவர் வாக்குச் சாவடியிலும் பணிவாக நிற்பார் என்ற கணக்கு யாருக்கோ பிடித்திருக்கிறது.

விலங்குக்காவது பட்டியலில் பெயர் உண்டு. செடி கொடிக்கு அதுவும் கிடையாது. குனோங் பிரிஞ்சாங் உச்சியில், 2,000 மீட்டருக்கு மேல், பாசி மூடிய மேகக் காடு இருக்கிறது. மேகத்தைப் பிழிந்து தண்ணீராக்கித் தெலோமுக்கும் பெர்த்தாமுக்கும் அனுப்பும் காடு. அங்கே குடுவைச் செடிகள் தொங்கும், கைவிரல் நகம் அளவில் ஆர்க்கிட் பூக்கும். தீபகற்ப மலேசியாவில் காட்டுத் தாவர இனங்களைக் காப்பாற்றவென்று தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்குக் கடத்தினால் 2008ஆம் ஆண்டின் அழியும் நிலையிலுள்ள இனங்களின் சர்வதேச வணிகச் சட்டம் பிடிக்கும். காட்டில் பறித்தால் அது வனப்பொருள். லைசென்ஸ் இல்லாமல் எடுத்த குற்றம். அரசுக்கு வர வேண்டிய காசு வரவில்லை என்பதுதான் வழக்கு. அந்தச் செடி உலகத்தில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று வழக்கில் யாரும் கேட்க வேண்டியதில்லை. சரக்கு எங்கிருந்து வந்தது என்று சாலையோரக் கடையில் கேட்டுப் பாருங்கள், நர்சரி என்பார்கள். மேகக் காட்டையும் ஒரு பெரிய நர்சரி என்று எடுத்துக்கொண்டால் அது பொய்யில்லைதான்.

இந்த மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களுக்கும் இந்தச் சட்டங்கள் நிறையவே கொடுத்திருக்கின்றன. வனவிலங்குச் சட்டம் அவர்களுக்குச் சாப்பாட்டுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட அனுமதி தருகிறது: காட்டுப் பன்றி, சருகுமான் என்று பட்டியல் போட்டு. 1954ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டம் அவர்களுக்கென்று நிலத்தை ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒதுக்கியதை ரத்து செய்யவும் அதே மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆக, சருகுமானை வேட்டையாட உரிமை உண்டு, சருகுமான் நிற்கக் காடு மட்டும் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கியா பார்ம் சந்தையில் சோளம் வாங்கிக்கொள்ளலாம். வாக்கு என்று வரும்போது மட்டும் எல்லோருக்கும் அவர்கள் நினைவு வருகிறது. 2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலை முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்ததே பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் போன விவகாரத்தில்தான்.

தேயிலைக்காரர்கள் நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கே புல்வெளியா இருந்தது? காடுதான். வெட்டியவை நம் பாட்டன்மாரின் கைகள். ஆனால் அந்தச் செடி நட்ட இடத்தில் வேர் பிடித்துத் தலைமுறைகளாக மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் சரிவைக் கொத்திப் புரட்டுவதில்லை. மூன்று தலைமுறை உழைத்த தொழிலாளிக்கும் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. மண்ணைக் காத்தவனுக்கு மண் இல்லை, உரித்தவனுக்கு வருடா வருடம் லைசென்ஸ் என்பதில் மலையாடும் நாமும் ஒரே கட்சி. இது தெரிந்தும், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கோஸ் பொரியலை இன்னொரு கரண்டி போடச் சொல்கிறோம்.

கடலுக்கு அந்தப் பக்கம், நம் ஊர் நீலகிரியில், இதே தேயிலை, இதே முட்டைக்கோஸ், இதே சரிவு. அங்கே கூடலூர்க் காட்டை வெட்டுகிறார்கள் என்று நிலம்பூர்க் கோவிலகத்து டி.என். கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் சொன்னது சுருக்கமாக இதுதான்: யார் பெயரில் இருந்தாலும் சரி, ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, பார்க்கக் காடாக இருந்தால் அது காடு, மத்திய அரசைக் கேட்காமல் கை வைக்காதே. அந்தத் தீர்ப்பால் நீலகிரி சொர்க்கமாகிவிடவில்லை. இடையில் எத்தனையோ ஓட்டை போட்டார்கள். ஆனாலும் ஒரு நீதிபதி காட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். பகாங்கில் காட்டை அரசிதழில்தான் பார்க்க முடியும்; நேரில் பார்க்கப் போனால் பிளாஸ்டிக்.

நடவடிக்கையே இல்லை என்று சொன்னால் பாவம். 2014 சேற்றுக்குப் பிறகு ஓப்ஸ் காடிங் வந்தது, 2019இல் குவாலா தெர்லாவில் ஓப்ஸ் லெஸ்தாரி வந்தது. பெயர் வைப்பதில் நம் அரசாங்கத்தை யாரும் மிஞ்ச முடியாது. முதலில் கையில் விலங்கு மாட்டுவது தோட்டத்தில் குனிந்து மருந்தடித்துக்கொண்டிருந்த வங்கதேசத்துத் தொழிலாளிக்கு. அவன்தான் ஓட வழி தெரியாதவன். முதலாளியைத் தேடினால் வெளியூர் போயிருப்பார். அப்புறம் இயந்திரம் வந்து கூரையைப் பிய்க்கும், படம் எடுப்பார்கள், எல்லாத் தமிழ்ப் பத்திரிகையிலும் முதல் பக்கம். உரித்த சரிவில் மரம் நடுவது யார் வேலை என்பதற்குப் பெயர் வைத்த ஓப்ஸ் எதுவும் என் கண்ணில் படவில்லை. 2001இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ரீச் அமைப்புதான் நாற்றைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறது. கோடி கோடியாய் வருமானம் வரும் மலைக்குப் பச்சை போர்த்த, லீவு நாளில் வரும் தொண்டர்கள்.

எனவே ஆடே, மறுபடியும் சொல்கிறேன், நீயே நேரில் வா. நம்பர் எடுத்து உட்கார். கூப்பிட்டதும் எழுந்து போ. கவுண்டரில் இருக்கும் பெண் நல்ல பெண். அவளைத் திட்டி ஒன்றும் ஆகாது.

“என்ன பயிர் வைக்கப் போறீங்க?”

“ஒண்ணும் வைக்கலம்மா. இருக்கிற மரத்த அப்படியே வச்சுக்கிறேன்.”

“அப்படி ஒரு கட்டமே பாரத்தில இல்லையே. வருமானம்னு ஏதாவது எழுதணும்.”

“தண்ணி. கீழ அணைக்குப் போற தண்ணி.”

“அது மின்சாரக்காரங்க கணக்கு. அடையாள அட்டை இருக்கா?”

“இல்லம்மா.”

“சரி, லாட்டு நம்பர் சொல்லுங்க.” அவள் கணினியில் தட்டிப் பார்க்கிறாள். “அங்க ஏற்கெனவே ஆள் இருக்காரே. லைசென்ஸ் இல்லதான். ஆனா மனு போட்டிருக்கார், முள்ளங்கியும் நட்டுட்டார்.”